நாடே நகையை அடகு வைத்த ஆண்டு

துவாஸ் என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். தென்னங்கீற்றுகளைக் கடலில் இறக்கி வைத்து, அந்த நிழலுக்கு ஒதுங்கும் மீன்களைப் பிடிக்கும் முறைக்கு மலாய் மீனவர்கள் 'மெனுவாஸ்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். சிங்கப்பூரின் மேற்கு மூலையில் இருந்த அந்த மீனவக் கிராமத்துக்கும் அதிலிருந்தே பெயர் வந்தது என்பார்கள். கிராமம் போய்விட்டது. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் இன்று கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் ஊழியர் விடுதிகளும் நிற்கின்றன. 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பெருந்துறைமுகமும் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பட்டறைகளில் வெல்டிங் செய்யும் கைகளிலும் சாரம் கட்டும் கைகளிலும் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கைகள் ஏராளம். முகவருக்குக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பலரிடம் ஒரே பதில்தான். அம்மாவின் தோடு, அக்காவின் சங்கிலி, மனைவியின் வளையல். ஊரில் ஏதோ ஓர் அடகுக் கடையின் இரும்புப் பெட்டிக்குள் அவை உறங்கிக்கொண்டிருக்கும். அந்த ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் பையன் விமானம் ஏறியிருப்பான்.

குடும்பம் நகையை வைத்துக் கடனை வாங்குவதைத் தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 84 கோடிப் பேர் வாழ்ந்த ஒரு நாடே அதைச் செய்த ஆண்டு ஒன்று உண்டு. அது 1991.

இந்தியாவின் தலைவிதி மாறிய ஆண்டு எது என்று கேட்டால், பெரியவர்கள் 1947 என்பார்கள். நெருக்கடி நிலையைப் பார்த்தவர்கள் 1975 என்பார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் தயங்காமல் 1991 என்பார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது ஜூலை 24ஆம் தேதி மன்மோகன் சிங் வாசித்த வரவுசெலவுத் திட்டம். தமிழ்நாட்டில் அதே ஆண்டைச் சொன்னால் நினைவுக்கு வருவது வேறொரு தேதி, மே 21. இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதுவதே புத்தகங்களின் வழக்கம். உண்மையில் அவை ஒரே கயிற்றின் இரண்டு முடிச்சுகள்.

வளைகுடாவில் தொடங்கிய கதை

கயிற்றின் நுனி குவைத்தில் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி சதாம் உசேனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அங்கே அப்போது சுமார் 1,70,000 இந்தியர்கள் இருந்தார்கள். கேரளத்தவரும் தமிழரும் அவர்களில் கணிசம். பேருந்துகளில் ஜோர்தானின் அம்மான் நகருக்கு வந்து, அங்கிருந்து நூற்றுக்கணக்கான விமானப் பயணங்களில் அவர்கள் தாயகம் கொண்டுசெல்லப்பட்டார்கள். உலகின் மிகப் பெரிய விமான மீட்புப் பணிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

மீட்டது பெருமைதான். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்களோடு அவர்கள் மாதந்தோறும் அனுப்பிக்கொண்டிருந்த பணமும் நின்றுபோனது. மறுபக்கம் எண்ணெய் விலை ஏறியது. வருமானம் குறைந்து செலவு கூடினால் எந்த வீடும் ஆட்டம் காணும். 1980களின் தாராளச் செலவால் ஏற்கெனவே கடனில் இருந்த வீடு இது.

அந்த வீட்டுக்குத் தலைவரும் சரியாக இல்லை. 1990 நவம்பரில் வி.பி. சிங் அரசு கவிழ்ந்து, காங்கிரசின் வெளி ஆதரவில் சந்திரசேகர் பிரதமரானார். அவருடன் இருந்தவர்கள் அறுபது பேரை ஒட்டிய உறுப்பினர்கள் மட்டுமே. 1991 ஜனவரியில் பன்னாட்டுப் பண நிதியத்திடமிருந்து சுமார் 180 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. அதே மாதம் 30ஆம் தேதி, ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்த நிலையிலும், கருணாநிதியின் அரசு அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. கஜானா காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில் டெல்லிக்கு இதற்கு நேரம் இருந்தது!

மார்ச் முதல் வாரத்தில் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹாவால் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தை மட்டுமே தாக்கல் செய்ய முடிந்தது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 6ஆம் தேதி, சந்திரசேகர் பதவி விலகினார். ராஜீவ் காந்தியின் வீட்டருகே அரியானா காவலர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டே உடனடிக் காரணம். இரண்டு காவலர்களால் ஓர் அரசு போனது. முழு வரவுசெலவுத் திட்டம் இல்லாத நாடு தேர்தலுக்குப் போனது. கடன் கொடுத்தவர்கள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்.

கதவைச் சாத்தியவர்களில் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். வெளிநாடுவாழ் இந்தியர்கள் தாயக வங்கிகளில் போட்டிருந்த வைப்புத்தொகை ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் கிட்டத்தட்ட 95 கோடி டாலர் அளவுக்கு வெளியேறியது. வட்டிக்காகப் போட்ட பணம் பயம் வந்ததும் ஓடிவிட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உடல் உழைப்புச் செய்தவர்கள் அனுப்பிய பணம் அப்படி ஓடக்கூடியதல்ல. அது வங்கியில் தங்காமல் அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் வட்டியாகவும் உடனே மாறிவிடும் பணம். பின்னாளில் 'வெளிநாடுவாழ் இந்தியர்களின் பங்களிப்பு' என்று மேடைகளில் பேசப்பட்டபோது இந்த வேறுபாடு அதிகம் சொல்லப்படவில்லை.

திருப்பெரும்புதூர்

முதற்கட்ட வாக்குப்பதிவு மே 20ஆம் தேதி நடந்தது. மறுநாள் இரவு பத்தேகால் மணியைத் தாண்டிய வேளை, மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்பதற்காகத் திருப்பெரும்புதூர் வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அருகில் நின்ற காவலர்களும் கட்சித் தொண்டர்களும் உடன் மாண்டார்கள். தலைவர்களின் படுகொலையை நினைவுகூரும்போது அந்தச் சாதாரண மனிதர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர்களின் வீடுகளுக்கு மே 21 என்பது வேறு கனம் உடைய தேதி.

தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் மீதிக் கட்டங்களை ஜூன் மத்திக்குத் தள்ளிவைத்தார். தமிழ்நாட்டில் அனுதாப அலை என்ற சொல் போதாது. நாடாளுமன்றத் தொகுதிகள் 39ஐயும் அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி அள்ளியது. சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஜூன் 24ஆம் தேதி ஜெயலலிதா முதல்வரானார். அந்தப் படுகொலையின் நிழல் இலங்கையிலிருந்து வந்து முகாம்களில் இருந்த அகதிகள்மீதும் விழுந்தது. கொலையில் தொடர்பே இல்லாதவர்கள் சந்தேகப் பார்வையோடு வாழ வேண்டியதாயிற்று. 1992 மே மாதம் விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்தியா தடை செய்தது.

டெல்லியில் காங்கிரஸ் தனிப் பெரும்பான்மை இல்லாமலேயே ஆட்சி அமைத்தது. அந்தத் தேர்தலில் போட்டியிடாமல், அரசியலிலிருந்து ஒதுங்கும் மனநிலையில் இருந்த பி.வி. நரசிம்ம ராவ் ஜூன் 21ஆம் தேதி பிரதமரானார். கட்சிக்காரரல்லாத மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கினார். சிவகங்கையிலிருந்து சென்ற ப. சிதம்பரத்துக்கு வணிகத் துறை தரப்பட்டது. ரிசர்வ் வங்கியின் ஆளுநர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர்களில் ஒருவர் சி. ரங்கராஜன். அந்தக் கோடையில் இந்தியாவின் கல்லாப்பெட்டிக்கு அருகில் தமிழர்கள் பலர் நின்றார்கள். பெட்டிக்குள்தான் ஒன்றும் இல்லை. கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும்.

விமானம் ஏறிய தங்கம்

தங்கம் அடகு போனது ஒருமுறையல்ல, இருமுறை. சந்திரசேகரின் காபந்து அரசு இருந்த மே மாதத்தில் முதல் தவணை. கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கத்தில் 20 டன், பாரத ஸ்டேட் வங்கி மூலம் சுவிஸ் வங்கி ஒன்றுக்கு, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையுடன் விற்கப்பட்டது. கிடைத்தது சுமார் 20 கோடி டாலர். அது போதவில்லை. ராவ் அரசு வந்த பிறகு, ஜூலை 4ஆம் தேதிக்கும் 18ஆம் தேதிக்கும் இடையில், ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன் நான்கு தவணைகளாக வெளியேறியது. இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் அதன்மீது சுமார் 40 கோடி டாலர் கொடுத்தன.

தங்கம் இந்தியாவிலேயே இருக்கட்டும், எழுதிக் கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை. பொருள் கைக்கு வந்தால்தான் பணம். ஊர் அடகுக் கடைக்காரரும் இதைத்தான் சொல்வார். வீட்டுப் பீரோவில் இருக்கும் சங்கிலிக்கு யாரும் கடன் தருவதில்லை. எனவே மும்பையிலிருந்து கட்டிகள் பெட்டி பெட்டியாக விமானம் ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தன. எல்லாம் இரகசியமாக நடந்தது. நகை வைக்கப் போகிறவர்கள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு போவதில்லையா, அப்படி. நாளேட்டில் செய்தி வெளிவந்ததும் நாடு கொதித்தது. தாலியை விற்றுவிட்டார்கள் என்ற ரீதியில் பேச்சு எழுந்தது.

கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அடகு வைத்தவர்களை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல. இரண்டு வெவ்வேறு அரசுகள், ஒன்றையொன்று கவிழ்த்த கட்சிகள், அதே முடிவுக்குத்தான் வந்தன. இந்தியா அதுவரை வாங்கிய கடனுக்குத் தவணை தவறியதில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றவே நகை போனது. தவறியிருந்தால் மறுநாள் எண்ணெய்க் கப்பல் வராது. கடனைக் கட்டி நகையை மீட்பது செப்டம்பரில் தொடங்கி நவம்பருக்குள் முடிந்தது. நாட்டுக்கு அது சில மாத வேலை.

தங்கம் வெளியேறிக்கொண்டிருந்த அதே வாரத்தில் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. ஜூலை 1ஆம் தேதி ஒருமுறை, 3ஆம் தேதி மறுமுறை. 21 ரூபாய்ச் சொச்சமாக இருந்த அமெரிக்க டாலர் 26 ரூபாயைத் தொட்டது. துவாசிலோ ஜூரோங்கிலோ வேலை பார்த்த ஊழியருக்கு இதன் பொருள் என்ன? அதுவரை 100 வெள்ளி அனுப்பினால் ஊரில் ஏறத்தாழ 1,200 ரூபாய். அந்த வாரத்துக்குப் பிறகு 1,500ஐ நெருங்கியது. டெல்லியில் அவமானமாகப் பார்க்கப்பட்டது, சிராங்கூன் சாலையில் சம்பள உயர்வாகத் தெரிந்தது. ஊரில் விலைவாசி அதன் பின்னாலேயே ஓடிவந்து பாதியைப் பிடுங்கிக்கொண்டது என்பது வேறு விஷயம்.

ஜூலை 24ஆம் தேதி வந்த வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அன்றே வெளியான தொழிற்கொள்கை, 18 தொழில்கள் நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் உரிம முறையை ஒழித்தது. ஸ்கூட்டர் வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். சீர்திருத்தத்தின் கதாநாயகர் மன்மோகன் சிங்கா, நரசிம்ம ராவா என்ற வழக்கு முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிதியமைச்சருக்குக் குடை பிடித்தவர் பிரதமர்தான் என்பதைப் பார்க்கும்போது, பாதிக்கு மேல் பெயர் ராவுக்கே சேர வேண்டும்.

அந்த வரவுசெலவுத் திட்டத்தில் டெல்டா விவசாயிக்குத் தெரிந்த வரி ஒன்றுதான். உர விலை 40 விழுக்காடு உயர்வு. எதிர்ப்புக்குப் பிறகு அது 30 விழுக்காடானது. சிறு விவசாயிகளுக்கு விலக்கும் தரப்பட்டது. தண்ணீர் விவகாரம் அதைவிட மோசம். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. காவிரி நீர் விட வேண்டும் என்று நடுவர் மன்றம் ஜூன் 25ஆம் தேதி இடைக்கால ஆணை பிறப்பித்தது. சரியாக ஒரு மாதத்தில் கர்நாடக முதல்வர் பங்காரப்பாவின் அரசு அதற்கெதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் கருத்துரைத்தது. டிசம்பரில் நடுவர் மன்ற ஆணை மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். கடைகள் எரிந்தன; உயிர்கள் போயின. பல குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்தன.

இவை மட்டுமா? ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 20ஆம் தேதி உத்தரகாசி நிலநடுக்கம் எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. டிசம்பரில் இந்தியாவின் பெரிய வணிகக் கூட்டாளியான சோவியத் யூனியனே உலக வரைபடத்திலிருந்து மறைந்தது. இத்தனைக்கும் நடுவில் தீபாவளிக்கு 'தளபதி'யா 'குணா'வா என்று தமிழ்நாட்டு இளைஞர்கள் மல்லுக்கட்டவும் செய்தார்கள். நாட்டின் கையில் காசில்லை என்றால் மக்கள் படம் பார்க்காமல் இருப்பார்களா என்ன!

கிழக்கே திரும்பிய முகம்

மேற்கே வளைகுடாவில் போர். பழைய நண்பர் சோவியத் யூனியன் இல்லை. கடன் தந்தவர்களிலோ ஜப்பான் இருந்தது. இந்தியா கிழக்கே பார்க்கத் தொடங்கியதற்குப் பெரிய தத்துவம் தேவைப்படவில்லை. 1992இல் ஆசியானின் துறைசார் உரையாடல் பங்காளியானது. 1994 குடியரசு தின விழாவுக்குச் சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் டோங் தலைமை விருந்தினராகச் சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நரசிம்ம ராவ் சிங்கப்பூர் வந்து உரையாற்றினார். பெங்களூரில் சிங்கப்பூர் முதலீட்டில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2005 ஜூன் 29ஆம் தேதி இரு நாடுகளும் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியப் பிரதமராக அன்று இருந்தவர், 1991இல் தங்கம் அனுப்பப்பட்டபோது நிதியமைச்சராக இருந்த அதே மன்மோகன் சிங்.

திருப்பெரும்புதூரும் இந்தக் கதையில் இன்னொரு முறை வருகிறது. உரிம முறை ஒழிந்த பிறகு வந்த வெளிநாட்டு முதலீடு அந்த வட்டாரத்தைத்தான் தேடி வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடிக்கொண்டு போனது. ராஜீவ் காந்தி விழுந்த மண்ணைச் சுற்றிலும், இரண்டு மாதம் கழித்து வந்த வரவுசெலவுத் திட்டத்தின் விளைச்சல் எழுந்து நிற்கிறது.

ஆனால் அரசாங்கங்கள் கிழக்கே பார்ப்பதற்கு முன்பே கிராமங்கள் பார்த்துவிட்டன. தமிழருக்குச் சிங்கப்பூர் புதிய திசை அல்ல. 1980களிலேயே கட்டுமான வேலைக்குத் தமிழ்நாட்டு இளைஞர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வளைகுடாப் போரும் உர விலையும் காவிரிச் சண்டையும் தனியாக யாரையும் கப்பலேற்றிவிடவில்லை. எனினும் குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அண்ணனைப் பார்த்த தம்பி சிங்கப்பூர் முகவரை விசாரித்ததில் வியப்பில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டம் நடப்புக்கு வந்ததும் 1991 ஜனவரி 1ஆம் தேதிதான். அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு ஊழியர்கள் பெருகினார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவின் முகமே மாறியது. துவாசும் வளர்ந்தது. 1998 ஜனவரியில் மலேசியாவுக்கான இரண்டாம் பாலம் அங்கே திறக்கப்பட்டது. 2017 ஜூனில் பெருவிரைவு ரயில் துவாஸ் லிங்க் வரை நீண்டது. அதற்கு முன் விடுதியிலிருந்து லிட்டில் இந்தியா வந்து போவது பாதி நாள் வேலை.

2005 ஒப்பந்தத்தில் ஆட்கள் இடம்பெயர்வதைப் பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. நிபுணர்களும் நிறுவன அதிகாரிகளும் வர்த்தகர்களும் அதில் இருக்கிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் சாரம் ஏறுகிறவர் அதில் இல்லை. அவருக்கான ஒப்பந்தம் முகவருக்கும் அடகுக் கடைக்கும் இடையில் முடிகிறது. சிங்கப்பூர் முகவர்கள் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கு 2011இல் உச்சவரம்பு வந்தது. அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். நல்ல சட்டம். ஆனால் ஊரில், ரசீதில்லாமல், தரகருக்குத் தரகராகக் கைமாறும் தொகையை அந்த வரம்பு எட்டிப் பிடிக்க முடியாது. நாடு தன் தங்கத்தைச் சில மாதங்களில் மீட்டது. அதற்குக் கடன் தர உலக அமைப்புகள் பின்னால் நின்றன. குடும்பத்துக்குப் பின்னால் நிற்பது பையனின் மிகைநேர வேலை மட்டுமே. மிகைநேரம் இல்லாத மாதத்தில் வட்டி ஏறும். வட்டி ஏறி, நகை ஏலத்துக்குப் போன வீடுகளும் உண்டு.

2009 நவம்பரில் பன்னாட்டுப் பண நிதியத்திடமிருந்தே 200 டன் தங்கத்தை 670 கோடி டாலருக்கு இந்திய ரிசர்வ் வங்கி விலைக்கு வாங்கியது. 1991இல் யாரிடம் கையேந்தி நின்றதோ அவர்களிடமே! 2024இல் லண்டன் பெட்டகத்திலிருந்து சுமார் 100 டன் தங்கம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1991க்குப் பிறகு இவ்வளவு பெரிய அளவில் தங்கம் இடம் மாறியது அப்போதுதான் என்று செய்திகள் வந்தன. இரகசியம் தேவைப்படவில்லை; பத்திரிகைகள் பெருமையாகவே எழுதின.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் வரிசை இருந்தது. அன்றைய மாற்று விகிதத்தை எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் ஊருக்கு அழைத்து, இந்த மாதம் வட்டி மட்டும் கட்டுவதா அல்லது தோட்டை மட்டுமாவது திருப்பிவிடுவதா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த வரிசையில் பலர்.